மேசைப் பலகை குழிஞ்சு போச்சு, அம்மிக்கல்லு ஏத்தி வைச்சும் சரிவரேல்லை

மாமரத்தடி (கொக்குவில்) · மாசி 6, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். அம்மம்மாவின்ர சாப்பாட்டு மேசை ஒண்டு எங்களிட்ட இருக்குது. வேப்பம்பலகை. மூண்டு பலகை பொருத்தினது, அகலம் ரெண்டரை அடி, தடிப்பு ஒரு இஞ்ச். போன கார்த்திகை மழைக்குக் குசினிப் பக்கத்து ஓடு ஒண்டு விலகி, ரெண்டு நாள் தண்ணி மேசையில சொட்டியிருக்குது. மேல பிளாஸ்ரிக் விரிப்புக் கிடந்தபடியா ஒருத்தரும் கவனிக்கேல்லை. விரிப்பைத் தூக்கிப் பார்த்தா நடுப்பலகை எழும்பி நிக்குது.

காய இறங்கும் எண்டு விட்டன். இறங்கினதுதான், ஆனா மட்டத்தில நிக்காமல் இப்ப மற்றப் பக்கமாக் குழிஞ்சு போச்சு. குறுக்கால கயிறு பிடிச்சுப் பார்த்தன், நடுவில அஞ்சு நூல் பள்ளம் (எட்டு நூல் ஒரு இஞ்ச்). கோப்பை ஆடுது, சொதி ஒரு கரைக்கு ஒதுங்குது.

அம்மிக்கல்லையும் குழவியையும் ஏத்தி வைச்சுக் கீழ முட்டுக் குடுத்து ரெண்டு கிழமை விட்டன். எடுத்த அண்டைக்கு மட்டமா இருந்தது. நாலாம் நாள் பழையபடி. அப்பா "விறகுக்குக் கொத்து, மரக்காலையில புதுப்பலகை வாங்குவம்" எண்டுறார். எனக்கு மனமில்லை. வீட்டிலேயே செய்யக்கூடிய வழி ஏதும் இருக்கே?

சுன்னாகத்தான் · மாசி 6, இரவு 10.15

தங்கச்சி, சீவுளியைப் போட்டு ரெண்டு கரையையும் இழைச்சு விட்டாச் சரி. அரை நாள் வேலை. இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?

ஓடாவி பேரன் (வல்வெட்டித்துறை) · மாசி 6, இரவு 11.02

சுன்னாகத்தான் அண்ணை, அஞ்சு நூல் பள்ளத்தை மேல இழைச்சு எடுத்தா ஒரு இஞ்சுப் பலகையில கரையில என்ன மிஞ்சும்? மூண்டு நூல். அடியிலயும் மட்டம் பிடிக்க வெளிக்கிட்டீங்கள் எண்டா மேசை இல்லை, அப்பளம்.

தங்கச்சி, ரெண்டு மூண்டு விசயம் சொல்லுங்கோ. பலகைக்கு அடியில குறுக்குச் சட்டம் இருக்கே? ஆணியோ திருகாணியோ? மேல வார்னிஷ் அடிச்சிருக்கே, அடியிலயும் அடிச்சிருக்கே? மேசை சுவரோட முட்டினபடியோ?

மாமரத்தடி · மாசி 7, காலை 6.30

குறுக்குச் சட்டம் ரெண்டு. எல்லாம் ஆணி, துருப்பிடிச்சு ஆணியைச் சுத்தி மரம் கறுத்துக் கிடக்குது. மேல வார்னிஷ் கனதரம் அடிச்சது. அடியில ஒண்டுமில்லை, சும்மா வெறும் பலகை, சின்ன வயசில நான் சோக்கால எழுதின ஆனா ஆவன்னா கூட இன்னும் இருக்குது. சுவரோடதான் கிடக்குது.

ஓடாவி பேரன் · மாசி 7, காலை 8.10

அப்ப கதை விளங்குது. தண்ணி மேல்பக்கத்தில ஊறினது. மேல்பக்கம் அகலப் பார்த்தது. ஆனா அடியில காஞ்ச பலகை, அதோட ஆணி அறைஞ்ச சட்டம், ரெண்டும் பிடிச்சு வைச்சிருக்குது. போக இடமில்லாமல் மேல்பக்க மரநார் ஒண்டோட ஒண்டு நசிஞ்சது. அதுதான் முதல்ல நடு எழும்பினது. பிறகு காயேக்குள்ள அந்த நசிஞ்ச பக்கம் முந்தியிருந்த அகலத்துக்கும் குறைஞ்சு சுருங்கும். மேல சுருங்கினாக் கரை ரெண்டும் மேல இழுபடும், நடு பள்ளமாகும்.

அம்மிக்கல்லு ஏன் சரிவரேல்லை எண்டா, காஞ்ச பலகையைக் கல்லு வைச்சு அமத்தினா அது வில்லு மாதிரித்தான். விட்டவுடன நிமிரும். ஈரமும் சூடும் உள்ளுக்குப் போகாமல் மரநார் புது வடிவம் எடுக்காது.

பழைய வாத்தியார் · மாசி 7, மாலை 5.20

ஓடாவி பேரன் சொன்னது சரி. அதனுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாட்டில் சுருக்கம் 0.1 முதல் 0.2 சதவீதம் அளவில்தான், கணக்கில் எடுக்கத் தேவையில்லை. நடு வைரத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஒரு மடங்கு என்றால், ஆண்டு வளையத்தைத் தொடர்ந்து சுற்றிப்போகும் திசையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் பச்சையாக அரிந்த பலகை காயும்போது பட்டைப்பக்கம் குழியும், வைரப்பக்கம் புடைக்கும். பலகையின் வெட்டுமுகத்தில் வளையக் கோடுகளைப் பாருங்கள். அந்த வில்கள் நேராக நிமிரப் பார்க்கின்றன என்று நினைத்துக்கொண்டால் பலகை எந்தப் பக்கம் வளையும் என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேலிருக்கும்வரை மரம் சுருங்கவே தொடங்காது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் எல்லாக் கோணலும். மரக்காலையில் "காஞ்ச பலகை" என்று தருவதை அப்படியே நம்பி அடுத்த கிழமையே கதவு செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் நிழலில் காயவிடுவது பழைய கணக்கு.

சுன்னாகத்தான் · மாசி 7, இரவு 7.45

வாத்தியார், ஒரு வருசம் பலகையை அடுக்கி வைச்சுக்கொண்டு இருந்தா வீடு குடிபுகுறது எப்ப? ஓடு போட்டாச்சு, நிலை வைச்சாச்சு, கதவு மட்டும் அடுத்த ஆடிக்கோ? 😀

தென்மராட்சி · மாசி 7, இரவு 8.30

சுன்னாகத்தான், உங்களை மாதிரி ஒருத்தர்தான் என்ர தமையன். மார்கழியில முன்கதவு நிலையோட இறுகிச் சாத்தேலாமல் போச்சு. ஆள் உடன கதவைக் கழட்டி ரெண்டு நூல் இழைச்சுவிட்டார். நல்லாச் சாத்துப்பட்டது, எல்லாருக்கும் சந்தோசம். சோளகம் வீசத் தொடங்கி ஆவணி வர, கதவுக்கும் நிலைக்கும் இடையில பல்லி தாராளமாப் போய் வருது. பிறகு கடுதாசி மடிச்சுச் செருகித்தான் திறாங்கு போட்டம்.

மாரியில கதவு இறுகினா ஒண்டும் செய்யாதேங்கோ. மெழுகுதிரியைக் கரையில நல்லாத் தேய்ச்சு விட்டிட்டுப் பங்குனி மட்டும் பொறுங்கோ. அதுக்குப் பிறகும் முட்டினா மட்டும் இழைக்கலாம்.

குளிர்தேசம் (ரொறன்ரோ) · மாசி 7, இரவு 11.50

இஞ்சையும் அதே பிரச்சினை, ஆனா தலைகீழ். ஊரில காத்தில எப்பவும் ஈரம். இஞ்ச பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள்ள சூடாக்கி ஓடும், காத்து வறண்டு போய்க் கிடக்கும். ஊரில 14 சதவீதம் மட்டில ஈரத்தோட இருந்த மரம் இஞ்ச 5, 6 க்கு இறங்கும். அம்மாவின்ர பெட்டகம் ஒண்டைக் கப்பலில எடுப்பிச்சம், பலாப்பலகை. முதல் பனிக்காலம் நடுச்சாமத்தில துவக்கு வெடிச்ச மாதிரிச் சத்தம். எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தா மூடியில ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. அம்மா அந்தச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழ போயிட்டா. பழக்கம்.

இப்ப பெட்டகத்தை சூட்டுக்காத்து வாற துவாரத்தில இருந்து தள்ளி வைச்சு, பக்கத்தில ஈரப்பதன் மெசின் ஒண்டும் ஓடுது. பலகைக்கு மெசின் வாங்கிக் குடுத்தவன் நான் ஒருத்தன்தான் எண்டு மனிசி சொல்லிச் சிரிக்கிறா.

ஓடாவி பேரன் · மாசி 8, காலை 7.00

மாமரத்தடி, இனி வேலைக்கு வருவம். இப்ப மாசி, நல்ல வெயில், காத்தும் கனக்க இல்லை. இதுதான் நேரம்.

முதல்ல ஆணியெல்லாம் கழட்டிக் குறுக்குச் சட்டத்தை எடுங்கோ. துருப்பிடிச்ச ஆணியை இழுத்தாப் பலகை பிளக்கும், கீழ தகடு ஒண்டு வைச்சுக் குறட்டால மெல்ல மெல்ல ஆட்டி எடுங்கோ. மேல்பக்க வார்னிஷைச் சுரண்டிச் சான்ட் பேப்பர் போடுங்கோ. இதை விடேலாது. வார்னிஷுக்கு மேல எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் உள்ளுக்கு இறங்காது.

பிறகு முத்தத்தில படங்கு ஒண்டை விரிச்சு, அதுக்கு மேல நனைச்சுப் பிழிஞ்ச சாக்கு ரெண்டு மடிப்பு. பலகையின்ர குழிப்பக்கம் சாக்கில படக் கவிட்டு வையுங்கோ. முதுகு வெயிலுக்கு. கீழ ஈரம் குடிச்சு அகலும், மேல வெயில் பட்டுச் சுருங்கும், ரெண்டும் சேர்ந்து பலகையை நிமித்தும். வெளிநாட்டுக்காரர் ஈரப்புல்லில கவிட்டு வைப்பினம், எங்கட முத்தத்தில எங்க புல்லு?

அரை மணித்தியாலத்துக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ. போட்டிட்டு நல்லூர்ப் பக்கம் போயிடாதேங்கோ, மத்தியான வெயிலில முதுகு வெடிக்கும். காலமை எட்டு மணியில இருந்து பத்தரை மட்டும் போதும்.

கிணத்துத் தண்ணி வேண்டாம். எங்கட சுண்ணாம்புக்கல்லுத் தண்ணி, கேத்திலுக்குள்ள படியிற வெள்ளையைப் பார்த்திருப்பியள்தானே, அது பலகையிலயும் படியும். மழைத்தண்ணி பிடிச்சு வைச்சிருந்தா அதை எடுங்கோ. இல்லாட்டிக் கொதிக்க வைச்சு ஆறவிட்டுத் தெளிஞ்சதை வடிச்செடுங்கோ.

லாச்சி · மாசி 8, காலை 9.15

இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கோணும். எங்கட புத்தக அலுமாரித் தட்டு சிப்போட். வெள்ளத்தில கரை ஊதிப் பாண் மாதிரி வந்திட்டுது. இதே சாக்கு வைத்தியம் செய்யலாமோ?

ஓடாவி பேரன் · மாசி 8, காலை 9.40

ஏலாது. அது மரமில்லை, மரத்தூளும் பசையும். ஊதினா ஊதினதுதான். தட்டை மாத்துங்கோ. பாரத்தில தொய்ஞ்சது மட்டும் எண்டாத் தலைகீழாத் திருப்பிப் போட்டுக் கொஞ்ச நாள் பாவிக்கலாம்.

பழைய வாத்தியார் · மாசி 8, பிற்பகல் 2.30

வெயில் போதாவிட்டால் ஸ்திரிக்கைப்பெட்டியும் உதவும். குழிந்த பக்கத்தில் ஈரத்துணியை விரித்து, சூடான பெட்டியை அசைத்து அசைத்துத் தேய்த்தால் நீராவி உள்ளே இறங்கும். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகும். சிறு பலகை, லாச்சி முகப்பு, வெட்டுப் பலகை போன்றவற்றுக்கு இது போதும். ஒரு அங்குலத் தடிப்புள்ள மேசைக்குப் பொறுமை வேண்டும்.

சுன்னாகத்தான் · மாசி 8, மாலை 6.10

நீராவி எண்டவுடன ஞாபகம் வருது. என்ர சின்னவன் கிரிக்கெற் மட்டையின்ர பிடியை நிமித்தப் போறன் எண்டு, மனிசி பிட்டு அவிக்கிற பானையில நீத்துப்பெட்டியைத் தூக்கிப்போட்டு மட்டையைச் செருகி வைச்சவன். பிடி ஒட்டு விட்டுக் கையோட கழண்டு வந்திட்டுது. அண்டைக்கு இரவு எங்களுக்குப் பிட்டும் இல்லை.

ஓடாவி பேரன் · மாசி 8, இரவு 8.00

அண்ணை, சிரிச்சுப் போட்டன். ஆனா சின்னவன் நினைச்சது பிழையில்லை. மரநாரைப் பிணைச்சு வைச்சிருக்கிற பசை நூறு பாகை மட்டில ஈரச் சூட்டில இளகும், ஆறினா இறுகும். ஒரு இஞ்சுத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் ஆவி எண்டு கணக்கு. ஆனா ஒட்டுப் போட்ட சாமானை ஆவியில வைச்சா ஒட்டு விடும், தங்கச்சியின்ர மேசையும் மூண்டு பலகை ஒட்டினது, அதாலதான் நான் ஆவி எண்ட கதையே எடுக்கேல்லை.

எங்கட அப்பு வள்ளத்துக்குப் பலகை வளைக்கேக்குள்ள ஈரச்சாக்குச் சுத்தி, நெருப்புச் சூடு காட்டி, சூடு ஆற முந்தி ஆளோட ஆள் பிடிச்சுக் கட்டுவினமாம். காஞ்சு பழசான பலகை உதுக்குச் சரிவராது, கொஞ்சம் பச்சை இருக்கோணும் எண்டு சொல்லுவார். 1938 இல அமெரிக்காவின்ர குளொஸ்டர் துறைமுகம் மட்டும் பாய் விரிச்சுப் போன அன்னபூரணி எங்கட ஊரில கட்டினதுதான் எண்டதையும் அந்தக் கதையோட சேர்த்துச் சொல்லாமல் விடமாட்டார். நானும் விடேல்லை, பாருங்கோ.

தென்மராட்சி · மாசி 9, காலை 10.20

எனக்கும் ஒரு கேள்வி. எங்கட பின்கதவு குழியேல்லை, முறுகிப் போச்சு. கீழ் மூலை நிலையோட முட்டுது, திறாங்குப் பக்க மேல் மூலை மூண்டு நூல் வெளியில நிக்குது. தேக்கு. இதையும் சாக்கில கவிட்டா வருமோ?

ஓடாவி பேரன் · மாசி 9, மாலை 4.45

முறுக்கு எடுக்கிறது கஸ்டம், அண்ணை. சட்டம் பொருத்தின கதவில ஈரம் காட்டினாத் துளைக்குள்ள இறுக்கின கழுந்து ஆடத் தொடங்கும். கதவைத் தொடாமல் பிணைச்சலை (கீலை) மாத்துங்கோ. வெளியில நிக்கிற மூலை மேல, திறாங்குப் பக்கம். அதுக்குக் குறுக்கு மூலையில இருக்கிறது கீழ்ப் பிணைச்சல். அதை ஒண்டரை நூல் வெளியாலயும், மேல் பிணைச்சலை ஒண்டரை நூல் உள்ளாலயும் தள்ளினாத் திறாங்குப் பக்கம் மேலும் கீழும் ஒரே மட்டமாச் சாத்துப்படும். முறுக்கு அங்கதான் இருக்கும், ஆனாப் பிணைச்சல் பக்கத்தில ஒளிச்சிடும், ஒருத்தருக்கும் தெரியாது. பழைய திருகாணி ஓட்டைக்கு வேப்பங்குச்சியைச் சீவிக் கம் தடவி அறைஞ்சு அடைச்சிட்டுப் புது ஓட்டை போடுங்கோ.

கதவு வந்து முட்டுற தாங்கல் சட்டத்தை நகத்தச் சொல்லி யூரியூப்பில சொல்லுவினம். அது அங்கத்தைய வீட்டுக்கு. எங்கட நிலையில தாங்கல் தனியா இல்லை, நிலையிலேயே பள்ளம் வெட்டினது, எங்க நகத்திறது?

தென்மராட்சி · மாசி 9, இரவு 9.05

நல்லது தம்பி. இந்த ஞாயிறு பார்க்கிறன். உந்தக் கதவு 95 இல சண்டைக்குப் பயந்து நாங்கள் வெளிக்கிடேக்குள்ள பூட்டிப்போட்டுப் போன கதவு. திரும்பி வந்தா ஓடு இல்லை, யன்னல் இல்லை, முன்கதவு நிலையோட இல்லை. இது ஒண்டு மட்டும் நிண்டது. முறுகி இருந்தா என்ன, கிடக்கட்டும் எண்டுதான் மனம் சொல்லுது.

குளிர்தேசம் · மாசி 10, அதிகாலை 1.30

பனஞ்சிலாகை வளைஞ்சா என்ன செய்யிறது? மாமா வீட்டு விறாந்தைக் கூரை ஒரு இடத்தில தொய்ஞ்சு நிக்குதாம்.

பழைய வாத்தியார் · மாசி 10, காலை 8.00

பனை புல்லினத்துக்குக் கிட்டிய உறவு. அதற்கு ஆண்டு வளையம் கிடையாது. வெளிப்புறம் கருநார் நெருங்கி வைரமாக இருக்கும், உள்ளே போகப் போக மெத்தென்ற சோறு. ஆகவே மேலே சொன்ன பட்டைப்பக்கக் கணக்கு அதற்குப் பொருந்தாது. கூரையில் தொய்ந்தது பெரும்பாலும் பாரத்தால்தான், அல்லது உட்சோறு மிஞ்சிய சிலாகையைப் போட்டிருப்பார்கள். நனைத்து நிமிர்த்த முயல வேண்டாம். அந்த ஒன்றை மாற்றுங்கள், கறையான் ஏறியிருக்கிறதா என்றும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

மாமரத்தடி · மாசி 14, இரவு 8.50

தொடங்கீட்டன்! ஆணி பதினாறு. பதினைஞ்சு வந்தது, ஒண்டு தலை முறிஞ்சு உள்ளுக்கு நிண்டிட்டுது. வார்னிஷ் சுரண்ட ரெண்டு நாள். உள்ளுக்கு இருந்த வேம்பு வடிவான சிவப்பு, சுரண்டச் சுரண்டக் கசப்பு மணம் வருது, இவ்வளவு வருசத்துக்குப் பிறகும்.

முதல் நாள் காலமை சாக்கில கவிட்டது. பத்து மணிக்குப் பார்க்க அஞ்சு நூல் நாலாச்சு. நான் சந்தோசத்தில விட்டிட்டன். பின்னேரம் நிழலில காய விட்டதும் திரும்ப அஞ்சு. அழுகை வந்திட்டுது. இண்டைக்கு மூண்டாம் நாள், மூண்டரையில நிக்குது.

ஓடாவி பேரன் · மாசி 14, இரவு 9.30

அழவேண்டாம், அதுதான் அதின்ர குணம். நசிஞ்ச நார் ஒரு நாளில விரியாது. மட்டத்துக்கு வந்தவுடன விடக்கூடாது, கொஞ்சம் மற்றப் பக்கமாவே வளையிறமாதிரிக் கட்டி வைக்கோணும். கிளாம்ப் தேவையில்லை. நேரான தடிச்ச சட்டம் நாலு எடுங்கோ. பலகைக்கு மேல ரெண்டு, கீழ ரெண்டு, குறுக்கால. கீழ்ச் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில ரெண்டு நூல் தடிப்பில ஒரு துண்டு செருகுங்கோ. மேல் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் ரெண்டு கரையிலயும் கயித்தால சேர்த்துக் கட்டித் தடி விட்டு முறுக்குங்கோ. இப்ப கரை கீழ போகும், நடு மேல வரும். வெயிலில வைக்காதேங்கோ. நாலு கல்லு வைச்சு நிலத்தில இருந்து தூக்கி, ரெண்டு பக்கமும் காத்துப் படுறமாதிரி விறாந்தையில ரெண்டு கிழமை. இரவில வெளியில விடவேண்டாம், மாசிப்பனி மூசிப் பெய்யுது.

சுன்னாகத்தான் · மாசி 15, காலை 7.20

கயிறு நான் தாறன் தங்கச்சி, மாட்டுவண்டில் காலத்துக் கயிறு, அறாது. இழைக்கச் சொன்ன பாவத்துக்கு.

மாமரத்தடி · பங்குனி 4, இரவு 9.10

பதினேழு நாள் கட்டி வைச்சிருந்தன். நேற்றுக் கயிறு அவிட்டது. அவிட்டவுடன மற்றப் பக்கமா ஒரு நூல் புடைச்சு நிண்டது, இண்டைக்குக் காலமை பார்க்க மட்டம். இனித் திரும்பக் கரை எழும்புமோ?

ஓடாவி பேரன் · பங்குனி 4, இரவு 10.00

கொஞ்சம் எழும்பும். ஒரு நூல் வந்தாலும் சோறு சாப்பிடலாம். நாலைஞ்சு நாள் பார்த்திட்டுக் குறுக்குச் சட்டத்தைப் போடுங்கோ. ஆணி வேண்டாம், பித்தளைத் திருகாணி. வேம்பில இரும்பு பட்டா ஈரத்தில கறுக்கும், பார்த்தீங்கள்தானே. சட்டத்தின்ர நடு ஓட்டை மட்டும் சாதாரணமா இருக்கட்டும். கரையில இருக்கிற ஓட்டைகளைச் சட்டத்தின்ர நீளவாட்டில நீட்டி வெட்டுங்கோ, திருகாணி அதுக்குள்ள நகரக்கூடியமாதிரி. ரெண்டரை அடி மேசை மாரிக்கும் சோளகத்துக்கும் இடையில ரெண்டு நூல் மட்டில அகண்டு சுருங்கும். அதுக்கு வழி விடாட்டி அடுத்த மழைக்கு இதே கதைதான். வார்னிஷ் மேல எத்தினைதரமோ அடியிலயும் அத்தினைதரம். கரை, முனை ஒண்டையும் விடாதேங்கோ, முனையாலதான் ஈரம் கனக்க ஏறும்.

தென்மராட்சி · பங்குனி 5, காலை 6.45

பின்கதவு சாத்துப்படுது தம்பி. பிணைச்சல் மாத்தினதுதான். பெரிய உபகாரம்.

மாமரத்தடி · பங்குனி 19, இரவு 8.25

முடிஞ்சுது. கயிறு பிடிச்சுப் பார்த்தன், ஒரு நூலுக்கும் குறைவு. முறிஞ்ச ஆணி உள்ளுக்கே கிடக்குது, அந்த இடத்தில கறுப்புப் பொட்டு ஒண்டு. சுவரில இருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்குது. ஓடும் மாத்தியாச்சு.

அடியில வார்னிஷ் அடிக்கப் போகேக்குள்ளதான் சோக்கால எழுதின ஆனா ஆவன்னா ஞாபகம் வந்தது. அப்பா தூரிகையை வாங்கி, எழுத்து அழியாமல் அதுக்கு மேலயே மெல்லமா அடிச்சார். ஈயன்னா மட்டும் கொஞ்சம் கலைஞ்சு போச்சு. விறகுக்குக் கொத்தச் சொன்ன ஆள், இப்ப தேத்தண்ணிக் கோப்பையை வைக்க முந்தி அடியைத் துடைச்சுப்போட்டு வைக்கிறார்.

சுன்னாகத்தான் அண்ணை, கயிறு தரோணும். எப்ப வரலாம்?

சுன்னாகத்தான் · பங்குனி 19, இரவு 9.00

ஞாயிறு வாங்கோ. சின்னவன் மட்டையையும் கொண்டு நிக்கிறான், ஓடாவி பேரனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுறான்.